மூன்றாம் விசிறிக்கு ஒரு குறிப்பு

நேற்றுத் தலைமைப் பொறியாளர் மூடிவிட்டுப் போன குறிப்பு, இன்று காலை திறந்து கிடந்தது.

கோக்-பெல் மலைச் சுரங்கப்பாதையின் வடக்கு வாயில் கட்டுப்பாட்டு அறையில், ஆறிப்போன தேநீர்க் கிண்ணத்தோடு நுர்ஸத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்க நடைமுறைகள் எல்லாம் இப்போது ஒரே விக்கிப் பக்கத்தில்தான். ஒரு வரி சரியில்லை என்று பட்டால் யார் வேண்டுமானாலும் அதைத் தேர்ந்தெடுத்து ஓரத்தில் குறிப்பு எழுதலாம், வரி மஞ்சளாகும். பேசித் தீர்த்தபின் ‘முடிந்தது’ என்பதை அமுக்கினால் மஞ்சள் போய்க் குறிப்பு மூடிக்கொள்ளும். பேசித் தீர்த்தவர்தான் யாரும் இல்லை. ஆய்வுக்குழு வருகிறது என்றால் முந்தின நாளே எல்லா மஞ்சளையும் படிக்காமல் அமுக்கித் தள்ளுவது இங்கே வழக்கம், விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற மாதிரி.

மஞ்சளாக இருந்தது இந்த வரி: ‘புகை வெளியேற்றும் மூன்றாம் விசிறியை ஒரு மணி நேரம்வரை நிறுத்தி வைக்கலாம்.’ ஓரத்தில், சுரங்கத்துக்குள் வேலை பார்த்த எல்தியார் எழுதியிருந்தான்: ‘தப்பு. லாரிங்க உள்ள இருக்கும்போது கொஞ்ச நேரத்துலயே எனக்குத் தலை சுத்திருச்சு. மாத்துங்க.’

மாற்றவில்லை. போன குளிர்காலத்தில், சுரங்கச் சுவரில் குடைந்த மாடத்தில், புகையில் மூச்சடைத்து உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான் அவன். அவனுடைய ஆரஞ்சு நிற வேலைச் சட்டையின் முழங்கையில் பச்சைத் துணி வைத்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தவள் நுர்ஸத். அந்த வாரமே அவன் கணக்கை நீக்கிவிட்டார்கள். குறிப்பின் ஓரப் படத்தில் அவன் முகம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் வட்டம்.

சாம்பல் வட்டத்தின் கீழே இன்று புதிதாக ஒரு பதில் இருந்தது. ‘எஜே, இன்னும் மாத்தலையா?’

அவளை அக்கா என்று அப்படி இழுத்துக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் இறுக்கிச் சாத்தியிருந்தன. ஆனாலும் அறைக்குள் டீசல் புகையின் கசப்பும், அதற்கடியில் ஈரச் சட்டையின் வாடையும் எங்கிருந்தோ கசிந்து வந்து தொண்டையில் உட்கார்ந்தன. அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. செத்த பிறகும் அந்தப் பையன் கெஞ்ச வேண்டுமா?

கதவைத் தள்ளிக்கொண்டு தலைமைப் பொறியாளர் தொக்தோசுன் வந்தார். தொப்பியிலிருந்து பனியை உதறினார்.

“ஆய்வுக்குழு தெற்கு வாயில்ல காத்திருக்கு. அந்த மூணாவது விசிறி கிழட்டுக் கழுதை மாதிரி கத்துது. அவங்க போற வரைக்கும் நிறுத்து.”

“லாரி வரிசை உள்ள இருக்கு பைக்கே. நிறுத்த மாட்டேன்.” மூத்தவரை அண்ணன் என்று அழைக்கும் அந்த ‘பைக்கே’யில் மட்டும்தான் மரியாதை இருந்தது.

“வரி என்ன சொல்லுது? ஒரு மணி நேரம்.”

“அந்த வரி பொய். எல்தியார் எழுதியிருக்கான், ஒரு தடவையாவது படிங்க.”

“செத்தவன் பேச்சைக் கேட்டா ரோடு ஓடுமா?”

அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். ‘முடிந்தது’ அமுக்கினார். மஞ்சள் போயிற்று. வந்தது. மறுபடி அமுக்கினார். வந்தது. அவர் காது சிவந்தது.

“சனியன். வரியே இல்லன்னா எங்கே ஒட்டும்?” என்று வரியையே அழித்தார்.

“அழிக்காதீங்க! குறிப்பு நிக்க இடமில்லாமப் போயிரும்.”

“போகட்டும்.” சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியில் விசிறியை நிறுத்தினார், பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார்.

“பூட்டை உடைப்பேன் பைக்கே.”

“உடைச்சுப் பாரு. உன் புருஷன் எப்படித்தான் உன்கூடக் குடித்தனம் பண்றானோ!”

“அவரு நான் எழுதிக் கொடுத்தா படிப்பாரு.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவருடைய கார் தெற்கு வாயிலை நோக்கிச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. விசிறிச் சத்தம் நின்றுபோன அறையில் கணினியின் முனகல் மட்டும் கேட்டது.

இடமில்லாத குறிப்பு பக்கத்திலிருந்து போகவில்லை. மஞ்சள் நகர்ந்தது. ஒரு சொல்லைத் தொட்டது. விட்டது. அடுத்ததைத் தொட்டது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவன் மாதிரி வரி வரியாகக் கீழே இறங்கியது. கடைசி வரியில் நின்றது.

‘ஒப்புதல்: தொக்தோசுன், தலைமைப் பொறியாளர்.’

நுர்ஸத் கேமராத் திரையைப் பார்த்தாள். பனியால் உள்ளே தேங்கிய லாரிகள் கக்கிய புகை சுரங்கம் முழுக்க. லாரிகள் ஊர்ந்து வெளியேறின. ஒன்று. இன்னொன்று. கடைசியும் போயிற்று.

கார் மட்டும் நின்றது. அந்த மாடத்துக்கு எதிரே.

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தீயணைப்புக் கோடரியை எடுத்தாள். பூட்டில் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். பெட்டி பிளந்தது. சுவிட்சைத் தட்டினாள். விசிறி கதறிக்கொண்டு எழுந்தது. அவ்வளவு அழகான சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை.

கேமராத் திரையில் புகை விலகியது.

தொக்தோசுன் இருக்கையில் சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. பக்கத்து இருக்கையில் யாரோ. ஆரஞ்சுச் சட்டை. முழங்கையில் பச்சை ஒட்டு. நீண்ட ஒற்றை விரல் அவர் மார்பில் இருந்தது. அமுக்கியது.

விக்கிப் பக்கத்தில் அவர் பெயரின் மஞ்சள் போயிற்று. ‘முடிந்தது.’

“எல்தியார், வேண்டாம்டா!”

மூடிய குறிப்பைத் திறந்தாள். பெயர் மஞ்சளானது. கேமராவில் தொக்தோசுனின் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது.

விரல் அமுக்கியது. மூடியது.

திறந்தாள். ஒரு மூச்சு.

மூடியது.

“நான் விட மாட்டேன். உன் வரியைத் திருத்தி எழுதறேன். இந்த ஆளையும் விட மாட்டேன்.” பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள். ஒரு மூச்சு. மலைக்குக் கீழே எங்கோ ஆம்புலன்ஸ் பனியில் ஏறிக்கொண்டிருக்கும். திறந்தாள். அவள் விரல் மரத்தது. திறந்தாள்.

ஆரஞ்சுச் சட்டைக்காரன் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டம். அவன் விரல் அவசரப்படவில்லை. மறுபடி அமுக்கியது.

நுர்ஸத் மறுபடி திறந்தாள்.