சுவருக்குள் ஒரு மூச்சு

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழைப்புமணியை அழுத்தினான். சொந்த வீட்டில் மணியடித்துக் காத்து நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. மகள் இறந்துபோன பிறகு வேலையைச் சாக்காக வைத்து வெளியூரிலேயே தங்கிவிட்டவன் அவன். மனைவி மட்டும் இந்தப் பழைய வீட்டை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கதவைத் திறந்தவள் பாதியாய் இளைத்திருந்தாள்.

"சத்தம் கேக்கிற மிஷின் கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்திருக்கேன்."

தொழிற்சாலைகளில் எந்த இயந்திரம் எங்கே முனகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில். அங்கே அவனுக்குக் 'காது' என்று பட்டப்பெயர். சத்தம் என்று ஒன்று இருந்தால் அதற்கொரு காரணம் இருந்தே தீரும். காரணம் தெரியாமல் அவன் எங்கிருந்தும் திரும்பியதில்லை.

மகளின் அறை அப்படியே இருந்தது. மருந்து நெடிகூடப் போகவில்லை. வெயில் இறங்கியதும் மனைவி அவன் முழங்கையைத் தொட்டாள்.

"இப்பக் கேளுங்க."

சுவருக்குள்ளிருந்து வந்தது.

நீளமாக இழுத்து, நடுவில் தடுக்கி, மறுபடி இழுக்கும் மூச்சு.

வாண்டுவின் மூச்சு. அப்படித்தான் மகளைக் கூப்பிடுவார்கள். மழை பிடித்தால் போதும், அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இதே அறையில் எத்தனை முறை நடந்திருக்கிறான்! ஆனாலும் கை தானாக மைக்கை எடுத்தது.

கட்டிலுக்குப் பின்னால் மணிக்கட்டு நுழையும் அளவில் ஓர் ஓட்டை. சுவருக்குள் ஓடும் பழைய காற்றுக்குழாய். மாடிக்குப் போய்ப் பார்த்தான். மேல்முனையில் துருப்பிடித்த கம்பிவலை. அதை உள்ளங்கையால் பொத்தினான்.

"நின்னுடுச்சு!" கீழேயிருந்து மனைவி அலறினாள்.

கையை எடுத்தான். மறுபடி தொடங்கியது.

அப்பாடா என்று இறங்கி வந்தான். "வெறும் காத்தும்மா. சாயங்காலம் காத்து திசை மாறுதில்ல, அப்போ குழாய் ஊதுது."

"சரி, காத்துன்னே வெச்சுக்குவோம். நான் பாடினா ஏன் அடங்குது?"

அவள் பாடினாள். மகளைத் தூங்கவைக்கப் பாடும் பாட்டு. கருவியின் திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு மெல்லத் தணிந்தது. சீரானது. தூங்கும் குழந்தையின் மூச்சைப் போல ஏறி இறங்கியது.

பாட்டை நிறுத்தினாள்.

கோடு துள்ளியது.

கண்ணெதிரே பார்த்ததற்கு அவனிடம் பெயர் இல்லை. அதனாலேயே ஆத்திரம் வந்தது.

"தற்செயல். இதைக் கேட்டுக் கேட்டே நீயும் போய்ச் சேர்ந்துடுவே."

சிமெண்ட் குழைத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடைக்காதீங்க. அவளுக்கு மூச்சு முட்டும்."

"உள்ள யாரும் இல்ல! புரிஞ்சுக்கோ, யாருமே இல்ல!"

அடைத்துவிட்டான். சத்தம் நின்றது. அன்றிரவு வெகுநாள் கழித்து அடித்துப்போட்டாற்போலத் தூங்கினான்.

காலையில் அவள் அந்தச் சுவரில் காதை ஒட்டிவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"விடியிற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தா," என்றாள். "நானும் பதிலுக்குத் தட்டினேன்."

அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான்.

"இப்போ தட்டறதில்ல."

சிமெண்ட் இறுகும்போது அப்படி ஓசை வரும் என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லாமலே போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்து வந்தான்.

சிமெண்ட் வில்லை முழுசாகக் கழன்று அவன் மடியில் விழுந்தது. முன்பக்கம் அவன் கரண்டியால் இழைத்த வழவழப்பு. அதைத் திருப்பினான்.

உட்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள்.

விரல் நுனிகள்.

ஈரம் காய்வதற்குள் உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்த விரல்கள். அவன் சுண்டுவிரல்கூட அந்தக் குழிகளுக்குள் அடங்கவில்லை.

"எலின்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. அதில் கேலி இல்லை. கெஞ்சினாள். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஏதாவது சொல்லுங்க. அவ இல்லைன்னு சொல்லிடுங்க!"

அவன் தரையில் குப்புறப் படுத்து ஓட்டையில் வாயை வைத்தான்.

"வாண்டு... அப்பா வந்திருக்கேன்டா. தெரியாம அடைச்சுட்டேன்டா."

மூச்சு இல்லை. காற்றுகூட இல்லை.

ஆள்காட்டி விரலை உள்ளே நீட்டினான். சில்லென்ற செங்கல். தூசி. அதற்கப்பால் இருட்டு.

பிறகு, ஏதோ ஒன்று அந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

இறுக்கமாக. தூங்கப்போகும் குழந்தை பிடிப்பதைப் போல.

வெயில் ஏறியது. மனைவி அவன் தோளைத் தொட்டாள். அவன் கையை எடுக்கவில்லை.