பதினேழாம் போர்ட்

“உங்க வேலையை என் தலையில கட்டாதீங்கண்ணே” என்று மணிமொழி போட்ட சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டது. திருமுருகனும் விடுவதாயில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் அந்தக் கம்பெனியில் நெட்வொர்க் பார்ப்பவர்கள் அவர்கள் இரண்டே பேர். சண்டை போடவும் வேறு ஆளில்லை.

சண்டைக்குக் காரணம், பழைய குழியிலிருந்து ஏதோ ஒன்று கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது.

மனுஷக் குரலில் இல்லை. ஒரு மெஷின் இன்னொன்றைத் தேடும்போது ‘இந்த நம்பர் யாருடையது?’ என்று மொத்த நெட்வொர்க்கையும் கூட்டிக் கேட்கும். உரிய மெஷின் ‘நான்தான்’ என்றால் அடங்கிவிடும். இதுவோ காலையிலிருந்து அடங்கவில்லை. வந்த வழி, எல்லா வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியின் பதினேழாம் போர்ட். முன்பு குழியின் எடைமேடை கேபினுக்குப் போன வயர் செருகியிருந்த இடம். குழியைக் கைவிட்டு, மழைத்தண்ணீர் கேபின் கூரைக்கு மேலே ஏறி வருஷங்கள் ஆகிவிட்டன. வயரைப் பிடுங்கிச் சுருட்டியதே திருமுருகன்தான். வெறும் ஓட்டையில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. போர்ட்டை அணைத்துப் பார்த்தார்கள், விளக்கு அணையவில்லை.

“பதில்தானே வேணும் அதுக்கு? சர்வர்ல ஒரு வர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் போட்டு அந்த நம்பரைக் குடு. தீர்ந்துச்சு” என்றார் திருமுருகன். அதாவது, வயரே இழுக்காமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே புதிதாக ஒரு வாசல் திறந்து வைப்பது.

மணிமொழி செட்டிகுளத்துக்காரி. வெளியே யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால், அது பேயாக இருக்கலாம், மூன்றாம் தரம் வரை வாய் திறக்கக் கூடாதென்று வளர்ந்தவள். அதைச் சொல்லித் தொலைத்தாள். இன்ஜினியரிங் படித்த பெண் பேசுகிற பேச்சா என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, டீ சிந்திவிட்டது.

“மூணு தரமா? மூவாயிரம் தரம் கேட்டாச்சு. அப்ப பேய் இல்லம்மா, போடு.”

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். எந்த வாசல் திறந்தாலும் திறந்தவர் பேரையே அதற்கு வைப்பார்கள், நாளைக்கு யார் தலை உருள வேண்டும் என்று தெரிவதற்காக. மணிமொழி வாசலைப் போட்டாள். பேர் மட்டும் திருமுருகன் என்று வைத்தாள். சிரித்ததற்குக் கூலி.

கேள்வி நின்றது.

மத்தியான வெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காய்ந்துகொண்டிருக்க, ஏசியின் ஒரே சுருதி இரைச்சலுக்கு அடியில், சூடேறிய பிளாஸ்டிக் வாடையை மெல்ல ஒதுக்கிக்கொண்டு, நாள்பட்ட தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பின் வாடை அறைக்குள் வந்து தங்கியது. எந்த மெஷின் எந்த போர்ட்டில் இருக்கிறதென்று ஸ்விட்ச் ஸ்கிரீனில் வரி வரியாகக் காட்டும். பதினேழில் இருந்தது இப்போது கம்பெனி கேட்டில் இருந்தது. பிறகு கேன்டீனில். பிறகு மாடிப்படி கேமராவில்.

மெஷின் நடக்காது. அது அவளுக்குத் தெரியும். பயம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல ஒரு மரப்பு.

வாசலை அழித்தாள். அழிந்தது. மறுபடி இருந்தது.

பேரையாவது மாற்றலாம். தன் பேரைப் போடலாம். விரல் கீபோர்டு வரை போனது.

போடவில்லை.

அண்ணே, எழுந்து வெளியே போங்க. அதையும் சொல்லவில்லை.

அடுத்த வரி வந்தது. திருமுருகனின் மேஜை.

அவர் முதுகைக் காட்டியபடி மனைவி சசிகலாவோடு போனில் இருந்தார். பெரம்பலூர் திரும்பும்போது மகனுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது. யாரோ கூப்பிட்டாற்போல் நிமிர்ந்தார். பக்கத்தில் யாருமில்லை.

“நான்தான்” என்றார்.

தை பிறந்ததும் மணிமொழியை அரும்பாவூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மக்காச்சோளக் காடு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, அதைக் கேட்டுத்தான் சம்மதித்தாளாம். சசிகலா மகனைத் தூக்கிக்கொண்டு திருமழபாடிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். சம்பாதிக்கிற புருஷனை இப்படி விட்டுப் போவாளா ஒருத்தி என்று பெரம்பலூரில் அவர்கள் தெருவே நாலு நாள் மென்றது. அப்புறம் மெல்லவில்லை. பூட்டிய வீட்டுக்குள் திருமுருகன் இருக்கிறார். அந்தியில் எந்தத் தாய் தெருவில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டாலும், பிள்ளை வாய் திறக்குமுன், அந்தப் பிள்ளையின் குரலிலேயே உள்ளேயிருந்து பதில் வருகிறது.

“இங்கதாம்மா இருக்கேன். உள்ள வா.”