பண்டிதர் விட்ட இடம்

ஓவியத்தில் பண்டிதரைக் காணவில்லை. நேற்றுவரை பாரசீக எழுத்தருக்கு எதிரே, சிவப்பு மெத்தையில், வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்த கிழவர் அவர். இன்று கணினித் திரையில் மெத்தை மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி நடுவில் குழிந்து கிடந்தது.

சுந்தரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லர்ஸ்லி அலுவலகத்தில், தென்கோளத்துக் குளிர்காலமான ஜூன் மாதத்து ஐந்து மணிக்கே சன்னல் கறுத்துவிட்டது. ஹீட்டரின் காய்ந்த வாடையோடு எங்கிருந்தோ ஈர மையின் மணமும் வந்தது.

பாதுஷாவின் அவையில் அதுதான் வழக்கம். பண்டிதர் புராணத்தை வாயால் சொல்வார், எழுத்தர் கேட்டுப் பாரசீகத்தில் எழுதுவார். அப்படி எழுதப்பட்ட, இந்த ஓவியம் உள்ள சுவடியைத்தான் அவள் ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் மட்டும் நான்கு வரி வெற்றிடம். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'பண்டிதர் இந்த மந்திரத்தைச் சொல்லவில்லை. காத்திருக்கிறோம்.'

எந்த மந்திரம் என்று சுந்தரிக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அப்பா காதில் ஓதியது. தனக்குத் தெரியும் என்பதைப் பக்கத்து மேசை அன்றூவிடம் உளறியதுதான் தப்பாகப் போயிற்று.

"அப்ப சொல்லுங்கோவன் அக்கா, நான் டைப் அடிக்கிறன். இஞ்ச ஆருக்கு விளங்கப்போகுது? வெள்ளிக்கிழமை குடுத்திடலாம்."

"அது எழுதறதுக்கில்ல, அன்றூ."

அவன் சிரித்துக்கொண்டே கோப்பி எடுக்கப் போனான். தாளில் நாணல் பேனா இழுபடும் ஓசை கேட்டது. திரையில், சுவடியின் வெற்றிடத்தில், ஈரம் பளபளக்க, பாரசீகத்தில் ஒரு வரி: 'அது எழுதுவதற்கல்ல என்றாள்.'

அவள் நாக்கு தானாக மடங்கி, மந்திரத்தின் முதல் எழுத்துக்கு மேலண்ணத்தைத் தேடியது. கடித்துக்கொண்டாள். உப்புக் கரித்தது.

"நானூறு வருஷம் காத்திருந்தீங்கல்ல. இன்னும் காத்திருங்க."

அதுவும் எழுதப்பட்டது.

உதடு பிரிந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினாள். ஹீட்டர் வாடை போய்விட்டது. கீழே நாற்காலி இல்லை. மெத்து மெத்தென்று ஏதோ. சிவப்பு.

எதிரே எழுத்தர். மிகுந்த மரியாதையோடு தலைவணங்கி, பேனாவை மையில் தோய்த்தார்.

தூரத்தில் ஒளிரும் ஒரு சதுரம். அதில் அன்றூவின் பெரிய முகம்.

"அக்கா?"

கூப்பிட்டால் கேட்கும். வாயைத் திறந்தால் மந்திரம்தான் முதலில் வரும்.

அன்றூ குனிந்தான். மெத்தையில் அவள் போட்டிருந்த பச்சைக் கம்பளிக் கார்டிகனையே பார்த்தான்.

அவள் கையை எடுக்கவில்லை.