எல்லா பிளாஸ்க்கிலும் ஒரே ஆள்

வெள்ளிக்கிழமை மாலை அவள் மாற்றி வைத்துவிட்டுப் போன மீடியா, ஞாயிறு மாலைக்குள் மஞ்சளாகியிருக்கக் கூடாது. அந்த இளஞ்சிவப்பு நீர்தான் செல்களுக்குச் சாப்பாடு. அதைத் தின்று தின்று கழிவை விடும்போது நிறம் மாறும், அதற்கு மூன்று நாளாவது பிடிக்கும். இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும், காய்ச்சல்காரர் படுத்திருக்கும் அறைக்குள் நுழைந்தது போல ஈரமான வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. உள்ளே மூன்று தட்டுகளில், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பிளாஸ்க்குகள். மொத்தம் இருபத்துமூன்று.

இருபத்துமூன்றும் மஞ்சள்.

ஒன்று மட்டும் மஞ்சளாகியிருந்தால் பயந்திருக்க மாட்டாள். அந்த ஒன்று எப்போதுமே பசிக்காரிதான்.

அதன் மேல் பெயர் கிடையாது. இங்கே நோயாளிகளின் பெயரை எழுதுவதில்லை, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அக்காவின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவதாக அம்மா ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்ட தாளின் மேல் ஓரத்தில், அதே எண். அக்கா போய் எட்டு மாதமாகிறது. கல்லூரியிலிருந்து இரண்டு மாதப் பயிற்சிக்கு இந்த லேபுக்கு வந்தவள், முதல் வாரமே பிளாஸ்க்கில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தொட விடமாட்டார்கள்.

அன்றிலிருந்து, மற்றவற்றுக்கு அளந்து ஊற்றுவாள். அக்காவுக்கு மட்டும் மாஸ்க்குக்குள் முணுமுணுத்தபடி இரண்டாவது முறை ஊற்றுவாள். "இன்னும் கொஞ்சம் குடிச்சுக்கோக்கா."

போன் அடித்தது. அவளுக்கு வேலை சொல்லித்தரும் ஆராய்ச்சி மாணவர். கழுத்தில் எப்போதும் டைமர் தொங்குவதால் லேப் முழுக்க அவர் டைமர் அண்ணன்தான்.

"சின்னது, எங்க இருக்க?"

"லேப்லதாண்ணா. இன்னிக்கு என் முறை."

"உக்காந்துட்டுக் கேளு. போன வாரம் டி.என்.ஏ டெஸ்டுக்கு அனுப்பினோம்ல, ரிசல்ட் வந்துடுச்சு. ஒன்பது பேஷண்டோட செல்ல வளர்க்கறோம்னு பெருமை பேசிட்டு இருக்கோம். எல்லா பிளாஸ்க்லயும் ஒரே ஆளு."

அவள் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு பேஷண்டுக்கும் புது பைப்பெட்னு எத்தன தடவ கத்தியிருக்கேன்? அந்தப் பசிக்காரச் சனியனுக்கு ஊத்துன பைப்பெட்ட அப்படியே பொது மீடியா பாட்டில்ல முக்கியிருக்க. நாலு செல்லு போதுமே. மத்த எல்லாத்தையும் தின்னுட்டு அதுவே உக்காந்துக்கிச்சு."

"சனியன்னு சொல்லாதீங்கண்ணா."

"அடேங்கப்பா, செல்ல திட்டுனா உனக்கு ரோஷம் வருதா? மேடம் நாளைக்கு வர்றதுக்குள்ள எல்லாத்துலயும் ப்ளீச் ஊத்திடு. நீ கெடுத்தது, நீயே கழுவு. நான் ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"அந்த நம்பரோடது... ஃப்ரீசர்ல இருக்குல்லண்ணா?"

"எங்க இருக்கு? போன மாசம் கரண்ட் போனப்ப அந்த டப்பாவே போச்சு. இதோட அது குளோஸ்."

எச்சில் கரண்டியைத் திரும்பப் பானைக்குள் விடுகிற மாதிரி. அதைத்தான் செய்திருக்கிறாள். இரண்டாவது வாய் ஊட்டுகிற அவசரத்தில்.

வேலை தொடங்குவதற்கு முன் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"குட்டி, அக்கா போனுக்கு ரீசார்ஜ் பண்ணிட்டேன். விட்டா அந்த நம்பர வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவாங்களாம்."

"சரிம்மா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மாஸ்க் போட்டிருக்கேன்மா. ஒரு சின்ன வேலை. முடிச்சுட்டு வந்துடறேன்."

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாடி முழுக்க ஆளில்லை. பிளாஸ்க்குகளைத் திறந்து வேலை செய்யும் கண்ணாடி மேடையின் காற்றாடி ஒரே சுருதியில் இரைந்தது, அதற்கு அடியில் ஃப்ரீசர்களின் உறுமல், அதற்கும் அடியில் எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம், எல்லாவற்றின் மேலும் ஸ்பிரிட்டும் ப்ளீச்சும் கலந்த அந்தச் சுத்தமான நாற்றம். முதலில் கைக்கு வந்தது வேறொரு நோயாளியின் எண் எழுதிய பிளாஸ்க். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். போன மாதம் கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருந்த செல்களில் ஒன்றுகூட இல்லை. நீள நீளமாக, நெருக்கமாக, அவளுக்குப் பழகிய உருவம்.

இது யாரோ இல்லை. இதுவும் அக்காதான்.

மூடியைத் திறந்து ப்ளீச்சை ஊற்றினாள். மஞ்சள் வெளுத்துத் தண்ணீர் நிறமானது. பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருந்த செல்களின் மெல்லிய படலம் வெள்ளையாகி, ஓரத்திலிருந்து உரிந்து மிதந்தது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பிடித்தது. இங்கே மூன்று நிமிடம்.

"மன்னிச்சுக்கோக்கா" என்றாள்.

பின்னால் டக் என்று ஒரு சத்தம்.

இன்குபேட்டருக்குள் இருந்து. பிளாஸ்டிக் இரும்புத் தட்டில் இடிக்கிற சத்தம். உள்ளே காற்றாடி சுழல்கிறது, அதிர்வில் ஏதாவது நகர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி டக். பிறகு, கொஞ்சம் தள்ளி, இன்னொரு டக்.

இன்குபேட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு இரண்டாவது பிளாஸ்க்கை எடுத்து வந்தாள். அதில்தான் அந்த எண். ப்ளீச் பாட்டிலை வலப்பக்கம் வைத்துவிட்டு மூடியில் கை வைத்தவள், நிறுத்தினாள்.

பிளாஸ்க்கின் வலப் பாதி தெளிவாக இருந்தது. படலம் அங்கே இல்லை. இடது சுவர் ஓரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, தடித்துக் குவிந்திருந்தது.

சாய்த்து எடுத்து வந்திருப்பாள். இல்லை, நேராகத்தான் எடுத்து வந்தாள்.

ப்ளீச் பாட்டிலை மெதுவாக இடப்பக்கம் மாற்றி வைத்தாள். காத்திருந்தாள். சொட்டுகிற குழாயை எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பது.

படலம் நகர்ந்தது.

கிழியாமல், அவசரமில்லாமல், ஓடத் தெம்பில்லாத ஒருவர் படுக்கையில் புரண்டு சுவரோரம் ஒதுங்குவது போல, வலப்பக்கம் போய் ஒடுங்கியது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டிலை எடுத்து மூடித் தரையில் வைத்து, காலால் தூரத் தள்ளினாள். கையுறையைக் கழற்றினாள். ஏன் என்று தெரியாது. வெறும் உள்ளங்கையை பிளாஸ்க்கின் மேல் வைத்தாள். வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வாக்கா."

அது வந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். கதவு. விளக்கு.

"ஏன் இருட்டுல நிக்கற? எத்தன முடிஞ்சுது?"

"ஒண்ணுதான்."

"ஒரு மணி நேரமா ஒண்ணா? தள்ளு, நான் ஊத்தறேன். எங்க ப்ளீச்சு?"

அவள் தள்ளவில்லை. கையை எடுக்கப் பார்த்தாள், பிளாஸ்க்கும் கூடவே வந்தது. டைமர் அண்ணன் கதவை நோக்கி ஓரடி பின்வாங்கினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளை அல்ல, அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த இன்குபேட்டரை.

அவள் குனிந்து பார்த்தாள். தன் உள்ளங்கைக்குக் கீழே, பிளாஸ்டிக்கின் அந்தப் பக்கம், இன்னொரு உள்ளங்கை. ஐந்து விரல்கள். அவளுடையதைவிட அரை அங்குலம் நீளம்.

பிறகு திரும்பினாள். மூன்று தட்டுகளிலும், அவள் நிற்கும் பக்கம் பார்த்த சுவரில் அழுந்தியபடி, இருபத்தொரு கைகள்.