மெம்பிஸுக்குப் போகவிடாதவள்

"இன்னைக்கு மட்டும் உன் வாயைத் திறக்காதே வெர்லின்... உனக்குப் புண்ணியமாப் போகும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் சோளக் கஞ்சி கொதிக்கும்போதே நாத்தனார் லூடி ஆரம்பித்துவிட்டாள். சர்ச்சுக்குப் போகத் தலையில் தொப்பிகூட வைத்தாயிற்று. ஆனாலும் தம்பி பெண்டாட்டியை நாலு வார்த்தை திட்டாமல் கிளம்பினால் அவளுக்கு ஜெபத்தில் மனசு ஒட்டாது.

வெர்லின் கஞ்சியைக் கிளறினாள்.

மெம்பிஸ் நகரத்து இசைத்தட்டுக் கம்பெனிக்குப் புதிதாக வந்த முதலாளி மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தார். அதுதான் விஷயம். வெர்லினின் கணவர் ஆம்ப்ரோஸ் வாரம் முழுக்கப் பருத்தி அரவை மில்லில் மூட்டை தள்ளுகிறவர். சனிக்கிழமை கிடாரைத் தோளில் மாட்டிவிட்டால் வேறு மனிதர். அவரும், ட்ரம்ஸ் அடிக்கும் தம்பி ஹோசியாவும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்த பேண்ட், ப்ளூஸ் என்ற சோகப் பாட்டு வாசிக்காத சாராயக் கொட்டகை சுற்றியிருந்த மூன்று மாவட்டங்களில் கிடையாது. அந்த மூன்றைத் தாண்டினால் அவர் பெயரைச் சொல்ல நாதியில்லை.

அதற்குக் காரணம் வெர்லின்தான் என்பது ஊர்ப் பேச்சு.

பல வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனி கூப்பிட்டது. ஆம்ப்ரோஸ் கிடாரோடு கிளம்பினார். மறுநாளே திரும்பி வந்துவிட்டார். "நான்தான் பஸ் ஸ்டாண்டில் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித் தடுத்துட்டேன். ராத்திரி எங்கம்மா வீட்டில் இருந்துட்டு வந்தார்" என்று வெர்லினே எல்லோரிடமும் சொன்னாள்.

சொன்னது முழுப் பொய். அவர் மெம்பிஸுக்குப் போனார். அங்கே வாசித்தவர்கள் படித்த ஆட்கள். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தாளக்கட்டு என்று எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்கள். ஆம்ப்ரோஸ் ஆயுளில் எண்ணி வாசித்ததில்லை. மனசு எங்கே திரும்பச் சொல்கிறதோ அங்கே திரும்புவார். பாட்டு நொண்டியது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மதியத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். கொல்லைக் கதவருகே வந்து நின்று, "தம்பிக்குத் தெரிஞ்சா என்னை மதிப்பானா வெர்லின்?" என்று குழந்தைபோல் அழுதார். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அன்றிலிருந்து ஊரார் அவளை மென்று துப்பினார்கள்.

அவளைக் குழப்பியது அந்தப் பேச்சல்ல. அன்று அவரைக் கதவருகே பார்த்ததும் நெஞ்சின் ஒரு மூலையில் சந்தோஷம் பொங்கியதே... அது ஏன்? அப்படியானால் தடுத்தேன் என்று அவள் சொன்னது பொய்யா, நிஜமா?

ஹோசியா உள்ளே வந்து, மேசையருகே இருந்த அண்ணன் எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணே, கம்பெனிக்காரன் உன்னை மட்டும்தான் கேக்கறான். மத்த வாத்தியத்துக்கு அவங்க ஆளே இருக்காம்."

"நான் போகலடா."

"தெரியும்! எங்களை விட்டுட்டுப் போக உனக்கு மனசு வராது. அதான் நேத்தே என் ட்ரம்ஸைத் தூக்கி கிரீன்வில் ஊர்ப் பசங்ககிட்ட குடுத்துட்டேன். பேண்ட் கலைஞ்சாச்சு. இனி உனக்கு என்ன தடை?" அவன் வெர்லினைப் பார்த்துக் கைகூப்பினான். "அண்ணி... உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். இந்தத் தடவை விட்டுடுங்க!"

"கேட்டியாடி?" என்றாள் லூடி. "ஒருத்தன் உசிரையே அறுத்துக் குடுத்திருக்கான். நீயும் இருக்கியே, கல்நெஞ்சுக்காரி!"

வெர்லின் ஹோசியாவைப் பார்த்தாள். தன் பொய்யால் இந்தப் பிள்ளை ட்ரம்ஸைப் பறிகொடுத்து நிற்கிறானே! கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க... நீங்க பேசலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். கோபத்துல சொல்லலை. எது நெசம், எது நான் சொன்னதுன்னு எனக்கே மறந்துபோகுது... இதுக்கு மேல தாங்காதுங்க!"

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தார். கிடாரை எடுத்தார்.

"அக்கா, நீ கட்டுக்கு ஒருதரம் கைதட்டி எண்ணு. பன்னெண்டு வந்ததும் சொல்லு."

அவர் வாசிக்க, லூடி புரியாமல் தட்டினாள். "என்னடா, பதினொண்ணுலயே திரும்பிட்டே?" மறுசுற்று பதின்மூன்றைத் தாண்டி இழுத்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது. ஹோசியா மட்டும் தன்னை அறியாமல் மேசையில் விரலால் அடித்துக்கொண்டிருந்தான். அவன் கண் தாளம் தட்டும் அண்ணனின் குதிகாலிலேயே இருந்தது. ஒரு அடிகூடப் பிசகவில்லை.

"மெம்பிஸ்ல எனக்கு இப்படித்தான் ஆச்சு" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீ... போனியா அண்ணே?"

"போனேன். சிரிப்பாச் சிரிச்சுப்போச்சு. உன்னை விட்டா என்கூட வாசிக்க இந்த ஒலகத்துல ஆளே இல்லடா! உன் முகத்துல முழிக்க வெக்கப்பட்டு இவளைப் பலி குடுத்தேன். இவ என்னைத் தடுக்கவே இல்லை!"

ஹோசியா தலையில் அடித்துக்கொண்டான். "இது தெரியாம ட்ரம்ஸைக் குடுத்துட்டேனே, பாவி!" அழுதானா சிரித்தானா, அவனுக்கே தெரியவில்லை.

லூடி ஓடிவந்து வெர்லினைக் கட்டிக்கொண்டாள். "ஏன்டி இத்தனை வருஷம் என்னைப் பேசவிட்டே?"

"அவர் திரும்பி வந்ததுல எனக்கு சந்தோஷம் அக்கா... நீங்க திட்டும்போதெல்லாம் அந்தப் பாவத்துக்குத்தான்னு வாங்கிக்கிட்டேன்..."

"திரும்பி வந்ததுல எனக்கும் சந்தோஷம்தான்" என்றார் ஆம்ப்ரோஸ் மெதுவாக. "நான் தட்டுனதும் கதவைத் திறந்தியே..."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!" வெர்லின் அவர் மார்பில் குத்திக் குத்தி அழுதாள்.

லூடி கண்ணைத் துடைத்தாள். "இன்னைக்குச் சபையில சாட்சி சொல்ல நான் எழுந்திருக்கிறேன். உன்மேல பழி சொன்னதை எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"நீ உக்காரு அக்கா. நானே வர்றேன்" என்று ஆம்ப்ரோஸ் கோட்டை எடுத்தார்.

சாத்தான் பாட்டு வாசிக்கிறவன் என்று போதகர் ஏசிய நாளிலிருந்து சர்ச் படியை மிதிக்காத மனிதர்!

"வேண்டாங்க... சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

வெர்லின் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கண்ணீரில் எதை எந்தத் துளையில் மாட்டினாளோ, கழுத்துப்பட்டி ஒரு பக்கம் தூக்கி நின்றது. அவர் அப்படியே கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.