எறிந்துவிட்டேன் என்றொரு பெயர்

காலை ஏழு மணிக்குத் தொட்டிகளில் சோயா ஊறலைக் கலக்க ஏறிய வேலையாள்தான் முதலில் பார்த்தான். மூன்றாம் தொட்டியில், கருத்த ஊறலின் மேல், ஒரு மரச்செருப்பு மிதந்தது. யாரோ கைதவறிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் துடுப்பை நீட்டி இழுத்தான். துடுப்பு வேறெதிலோ மாட்டிக்கொண்டது. செருப்புக்குக் கீழே முதலாளியின் கால் இருந்தது.

ஜப்பானின் நோட்டோ கரையில் அந்தச் சோயா சாஸ் பட்டறையைத் தெரியாதவர் கிடையாது. ஐந்து தலைமுறையாக அதன் தலைவர் பெயர் ஜின்பெய். அப்பன் போனால் அடுத்தவன் தன் சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வான். இறந்து கிடந்தவர் ஐந்தாம் ஜின்பெய், வயது எழுபத்தைந்து. பின்மண்டையில் அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தது. ஊறலுக்குள் விழுந்தவன் மூச்சுவிட முடியாது, அதன் ஆவியே ஆளைத் தின்றுவிடும்.

பத்தரை மணிப் பேருந்தில், பனியில் நனைந்த தொப்பியோடு, நகரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் தொமேஜி வந்து இறங்கினார். ஐம்பது வயது, மனைவி இல்லை, வாடகை அறை. வீட்டில் எட்டாவதாகப் பிறந்தவர். ‘தொமே’ என்றால் நிறுத்து. போதுமப்பா, இதோடு நிறுத்து என்று பெற்றவர்கள் வானத்தைப் பார்த்துப் போட்ட கும்பிடுதான் அவர் பெயர். அதனாலோ என்னவோ, யாரை விசாரித்தாலும் ‘உங்களுக்குப் பேர் வெச்சது யாரு, ஏன்?’ என்று ஒரு கேள்வி கேட்பார். திருடனைப் பிடிக்கச் சொன்னால் இந்த மனுஷன் ஜாதகம் எழுதிக்கொண்டு வருவார் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவார்.

ஊர் கான்ஸ்டபிளுக்கு வழக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது. கொலைகாரனைக் கையைக் கட்டிப் போலீஸ் சாவடியில் உட்கார வைத்திருந்தார். இறந்தவரின் ஒரே மகன், பெயர் சுதேகிச்சி, வயது முப்பத்து மூன்று. பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போய் ஹொக்காய்டோவில் மீன்பிடிப் படகுகளில் காலம் தள்ளியவன். பதினேழு வருஷம் கழித்து முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பி வந்தான். வந்த அன்றே அப்பா செத்தார். நாளைக்குப் பேருந்தில் நகரத்துக்கு ஏற்றிவிட வேண்டியது, அப்புறம் தூக்குமேடை என்று கான்ஸ்டபிள் விரல்விட்டுச் சொன்னார்.

தொமேஜி முதலில் இறந்தவரின் மருமகனைக் கூப்பிட்டார்.

நாற்பது வயது, ஒழுங்காகச் சீவிய தலை, மடிப்புக் கலையாத உடை. பெயர் கட்சுஜி. ஒசாகாவில் துணி வியாபாரிக்குப் பிறந்து, இந்த வீட்டு மகளை, சுதேகிச்சியின் அக்காவைக் கட்டி, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மனைவி போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. பதினான்கு வருஷமாகப் பட்டறையை அவர்தான் நடத்துகிறார்.

“பேர் வெச்சது அப்பா. ‘கட்சு’ன்னா வெற்றி, ‘ஜி’ன்னா ரெண்டாவது. எனக்கு முன்னால அண்ணன் இருக்கான்.”

கடையும் வீடும் அண்ணனுக்கு. இரண்டாவதுக்கு வெற்றி பெயரில் மட்டும். தொமேஜி தலையை ஆட்டிக்கொண்டு, நேற்று என்ன நடந்தது என்று கேட்டார்.

“சாப்பாடு முடிஞ்சு ரெண்டு பேரும் உள் அறையில இருந்தாங்க. நான் கடை அறையில படுத்திருந்தேன். மாமா கத்தினது காதுல விழுந்துச்சு. ‘உன்னைத் தூக்கி எறிஞ்சவன் நான். உன் பேரே அதைத்தானே சொல்லுது? எறிஞ்சது எறிஞ்சதுதான். இந்த வீட்டுப் பேர் உனக்குக் கிடையாது’ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் பட்டறைப் பக்கம் போற சத்தம். நான் எழுந்து போயிருக்கணும். அப்பன் மகன் விஷயம்னு சும்மா இருந்துட்டேன்.”

சொல்லும்போது கண் கலங்கியது. நடிப்பு என்று தோன்றவில்லை.

சாவடியில் சுதேகிச்சி சுவரோரமாகக் குந்தியிருந்தான். உப்புக் காற்றில் காய்ந்த முகம். சண்டை எதற்கு என்று கேட்டதும் சிரித்துவிட்டான்.

“பேசினாத்தானே ஐயா சண்டை வரும்? வான்னு தந்தி அடிச்சார், வந்தேன். எதிர்ல உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் கணப்பையே பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் ‘இரு, ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்’னு எழுந்து போனார். வரல.”

“தேடிப் போகலையா?”

“அவர் எழுந்து போறது எனக்கென்ன புதுசா? சின்ன வயசுல நான் உள்ள வந்தா அவர் வெளிய போவார். எனக்குச் சாப்பாடே வேலைக்காரங்களோடதான். தேநீர் ஆறிப்போச்சு. படுத்துட்டேன்.”

“பேர் வெச்சது யாரு?”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அவர்தான். சுதேன்னா எறிஞ்சது. குப்பை வண்டி வந்தா ‘டேய், உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க’ன்னு பசங்க கூப்பிடுவாங்க. கிச்சின்னா அதிர்ஷ்டமாம். என்னை எறிஞ்சதுல யாருக்கு அதிர்ஷ்டமோ தெரியல. அம்மாவும் நான் பிறந்த வருஷமே போயிட்டா, கேக்க ஆளில்ல.” பிறகு, கேட்காமலே சொன்னான்: “நான் கொல்லல. ஆனா நீங்க நம்பலேன்னாலும் பரவாயில்ல. எனக்காக அழ யாரும் இல்ல.”

தொமேஜிக்கு அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்றது. அவரே பல இரவு தனக்குச் சொல்லிக்கொண்ட வாக்கியம் அது.

பிற்பகலில் மூன்றாம் தொட்டியை வடிக்கச் சொன்னார். நல்ல ஊறல் போகிறதே என்று வேலையாட்கள் முகம் சுளித்தார்கள். அடியில் ஒரு முறம் கிடந்தது. மூங்கில் முறம், புகையேறிக் கறுத்தது, விளிம்பில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசல் கட்டியிருந்தது. இது இங்கே எதற்கு என்று கேட்டார். சோயாப் பயறு புடைப்பது வேக வைப்பதற்கு முன்னால், முற்றத்தில். அது எல்லாம் முடிந்து, ஒரு வருஷம் ஊறிக் கிடக்கிற இடத்தில் முறத்துக்கு என்ன வேலை?

முறத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போக ஒரு துணி கேட்டார். வேலைக்காரப் பெண் கூடத்து இழுப்பறையைத் திறந்தாள். மூட்டை கட்டும் துணிகள் கடையில் அடுக்கினாற்போல் விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து இருந்தன. மேலே இருந்தது கருநீலப் பட்டு, வீட்டுச் சின்னம் போட்டது. தொட்டார். ஒரு மூலையில் ஈரம், சோயா வாசனை. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் சோயா வாசனைதான். இத்தனை நல்ல துணி வேண்டாம் என்று அடியிலிருந்து ஒரு பருத்தித் துணியை எடுத்துக்கொண்டார்.

போகும் முன் புத்தர் மாடத்தில் ஊதுவத்தி ஏற்றினார். முன்னோர்களின் நினைவுப் பலகைகளுக்கு முன்னால் மூன்று சின்னப் பலகைகள் இருந்தன. திருப்பிப் பார்த்தார். முன்புறத்தில் இறந்தபின் துறவி சூட்டிய பெயர்கள், பின்புறத்தில் வாழ்ந்த காலத்துப் பெயர்கள்: ஹிசாவோ, கென்கிச்சி, சிதோஷி. நெடுங்காலம் இருப்பவன், நோய்நொடி இல்லாதவன், ஆயிரம் ஆண்டுக்காரன். மூவரும் ஜின்பெயின் ஆண் பிள்ளைகள். மூவரும் ஒரு வயதைத் தாண்டவில்லை.

விடுதியில் வறுத்த மீனும் சோறும் வந்தது. எதிரில் இன்னொரு மெத்தை காலியாகப் போட்டிருந்தது, விடுதிக்காரி எப்போதும் இரண்டு போடுகிறவள். மீனில் முள் எடுத்தபடியே தொமேஜி மனசுக்குள் கழித்துப் பார்த்தார். அப்பாவுக்கு எழுபத்தைந்து, மகனுக்கு முப்பத்து மூன்று. விடை வந்ததும் கையிலிருந்த குச்சிகளைக் கீழே வைத்தார். அட மடையா, இவ்வளவு நேரம் இது தெரியாமல் போயிற்றே!

விடிந்ததும் கான்ஸ்டபிளை எழுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பையனை அன்றைக்குப் பொறுக்கி எடுத்தது யார்? கான்ஸ்டபிள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தோஃபு கடை இவமாட்சு என்றார். இது யாருக்குத்தான் தெரியாது என்கிற மாதிரி சொன்னார். முன்னமே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார். ஊருக்கே தெரிந்த விஷயத்தில் இதுதான் தொல்லை. எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இவமாட்சு பக்கத்துத் துறைமுகத்தில் மகள் வீட்டிலிருந்து அப்போதுதான் படகில் வந்து இறங்கியிருந்தார். முறத்தைப் பார்த்ததும் கிழவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தொமேஜி நேராகப் பட்டறைக்குப் போனார். சுதேகிச்சியையும் கட்டவிழ்த்துக் கூட்டிவரச் சொன்னார்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அடுத்த அறையில் ஜின்பெய் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தார்.

தொமேஜி கட்சுஜியிடம், மாமா கத்தியதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். கட்சுஜி ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். ‘உன்னைத் தூக்கி எறிஞ்சவன் நான். உன் பேரே அதைத்தானே சொல்லுது?’

“இதை அவர் சொல்லவே இல்லை” என்றார் தொமேஜி. “சொல்லியிருக்கவும் மாட்டார். நீங்க ஒசாகாவுல துணிக்கடையில வளர்ந்தவர் கட்சுஜி. அந்தப் பேரைக் கேட்டதும், வேண்டாத பிள்ளைக்கு வெச்ச வசவுன்னு நினைச்சுட்டீங்க. அதை வெச்சே ஒரு சண்டையைக் கட்டினீங்க. இந்தக் கரையில பிறந்த யாரும் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டாங்க.”

பிறகு அவர் சொன்னது இது. நாற்பத்திரண்டு வயது ஆணுக்குக் கண்டம். அந்த வயதில் பிறக்கும் பிள்ளையை அப்பனின் கண்டம் கொண்டுபோய்விடும். ஏற்கனவே மூன்று ஆண் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் ஜின்பெய். நீண்ட ஆயுள் என்று பெயர் வைத்தார், போயிற்று. ஆயிரம் ஆண்டு என்று வைத்தார், அதுவும் போயிற்று. நாலாவது ஆண், அவரது நாற்பத்திரண்டில் பிறந்தது. விதியை ஏமாற்ற ஒரே வழிதான் இருந்தது. பிள்ளையை முறத்தில் வைத்து, சிவப்புத் துணி கட்டி, முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தார். பேசி வைத்தபடி இவமாட்சு துடைப்பத்தோடு வந்து, குப்பையைக் கூட்டுவதுபோல் கூட்டி, பொறுக்கி எடுத்துக்கொண்டார். ஒரு கட்டுக் காய்ந்த மீனுக்கு ஜின்பெய் அதை வேற்றுப் பிள்ளையாகத் திரும்ப வாங்கினார். இது என் மகனில்லை, எறிந்துவிட்டேன் என்று விதிக்குக் கேட்கிற மாதிரி பெயர் வைத்தார்.

“எறிஞ்சேன்னு ஊரறியச் சொல்லலாம். பிள்ளை முகத்தைப் பாத்துச் சொன்னா, நீ என் மகன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும், விதி கேட்டுடும், எல்லாம் பாழ். அதனாலதான் மனுஷன் வாயையே திறக்கல. அன்னிக்கு எடுத்துட்டு வர்றேன்னு போனது இந்த முறத்தைத்தான். முறம் வெச்சிருந்த பழைய பெட்டி பட்டறையில, தொட்டிகளுக்குப் பக்கத்துல இருக்கு. பேசத் தெரியாதவர், காட்டிடலாம்னு நினைச்சிருக்கார்.”

கட்சுஜி மரியாதை குறையாமல், தான் கேட்டது தவறாக இருக்கலாம் என்றார். அதற்காகக் கொலைகாரனாகிவிட முடியுமா என்றார்.

தொமேஜி எழுந்து இழுப்பறையைத் திறந்து அந்தக் கருநீலப் பட்டுத் துணியை எடுத்துப் பாயில் வைத்தார். முப்பத்து மூன்று வருஷமும் அந்த முறம் இந்தத் துணிக்குள்தான் இருந்தது என்று இவமாட்சு சொல்லியிருந்தார். வருஷாவருஷம் புத்தாண்டுக்கு இரண்டு கிழவர்களும் ரகசியமாக அவிழ்த்துப் பார்ப்பார்களாம். முறம் தொட்டிக்கு அடியில், அதைச் சுற்றியிருந்த துணி மூலையில் ஊறல் ஈரத்தோடு இங்கே. விரித்துக் காட்டினார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மூங்கில் சிராய்களைக் குழந்தைகூடப் பார்க்க முடிந்தது.

“சுதேகிச்சிக்கு இந்த வீட்டு இழுப்பறையில எது எங்க இருக்குன்னு தெரியாது. அதோட, கொலை பண்ணின கையோட ஒரு துணியை இவ்வளவு நேர்த்தியா விளிம்பு சேர்த்து மடிக்கிறது துணி வியாபாரி மகனுக்குத்தான் வரும். முறத்தை எறிய மனசு வந்துச்சு, பட்டுத் துணியை எறிய வரல.”

கட்சுஜி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னையறியாமல் கையை நீட்டி, கலைந்த ஓரத்தைச் சரிசெய்தார்.

“மூட்டைக்குள்ள, பேரோட சேந்து வர்ற வீட்டு முத்திரை இருக்குன்னு நினைச்சேன்” என்றார். “அதை அவன் கையில குடுக்கப் போறார்னு. பதினாலு வருஷம் ஐயா. ஊரே என்னை இன்னிக்கும் ஒசாகாக்காரன்னுதான் கூப்பிடுது. அந்தப் பேர் வந்துட்டா ஒரு தடவையாவது இந்த ஊர்க்காரனா இருந்திருப்பேன். பிடிச்சு இழுத்தேன், அவர் விடல, பலகையில தலை மோதி உள்ள விழுந்துட்டார். பிரிச்சுப் பாத்தா முறம்.” பிறகு கேட்டார்: “எனக்குத்தான் பேரைக் குடுக்க இருந்தாரோ?”

கான்ஸ்டபிள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். வேலையாட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

சுதேகிச்சி அசையவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புத் துணியை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். இவமாட்சு பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

“உனக்குத் தெரியும்னுதான்டா எல்லாரும் நினைச்சோம். நீ கிளம்பிப் போன அன்னிக்கு உங்கப்பன் என் கடைக்கு வந்து, ‘கண்டம் தாண்டிட்டான், பதினாறு வயசுவரைக்கும் வந்துட்டான்’னு சொல்லிச் சிரிச்சான். அப்புறம் என் கடைவாசல்லயே உட்கார்ந்துட்டான், வீட்டுக்குப் போக மாட்டேன்னுட்டான்.”

“ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டேனே” என்றான் சுதேகிச்சி. வாய்விட்டு அழுதான். தனக்காக அழ யாருமில்லை என்று முந்தின நாள் சொன்னவன்தான் அந்த வீட்டில் அப்பாவுக்காக அப்படி அழுத முதல் ஆள்.

சாயங்காலம் துறவி வந்தார். ஈமக்கிரியைக்கு முன்நிற்கிறவர் பெயரை அவரிடம் சொல்ல வேண்டும். வேலையாட்களில் மூத்தவர் தயங்கித் தயங்கிச் சுதேகிச்சியிடம் வந்து, ஆறாம் ஜின்பெய் என்று சொல்லிவிடட்டுமா, எஜமான் என்று கேட்டார். பட்டறை இனி வேறு யாருடையது?

சுதேகிச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஜின்பெய் இருக்கட்டும், எங்கயும் ஓடிடாது. சுதேகிச்சின்னு சொல்லுங்க. இன்னிக்குத்தான் அந்தப் பேர் என் கைக்கு வந்திருக்கு. கொஞ்ச நாள் நானே வெச்சுக்கறேன்.”