அக்காவின் குப்பி

செத்துப்போன செல்களுக்குப் பசிக்காது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் மூலக்கூறு உயிரியல் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்குபேட்டரைத் திறந்தவள் அதைத்தான் படித்திருந்தாள், அதிலேயே பாதித் தலையும் நரைத்திருந்தது. அவள் கண்ணெதிரே, கீழ்த்தட்டில், அக்காவின் குப்பி மஞ்சளாக இருந்தது.

செல்களுக்கு ஊற்றும் திரவம் சிவப்பாக இருக்கும். உயிருள்ள செல்கள் அதைத் தின்று கழிவை விடும்போது நிறம் மாறி மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பசி, இன்னும் ஊற்று என்று அர்த்தம். அந்தக் குப்பியில் இருந்தவை செத்துப் பல வாரங்கள் ஆகிவிட்டன. கழுவி ஊற்ற மனசு வராமல் ஓரமாக வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அக்காவின் குப்பி என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. அறுவை மருத்துவர் அக்காவின் வயிற்றைத் திறந்து பார்த்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தைத்து மூடியபோது, கெஞ்சி வாங்கிய ஒரு துணுக்குக் கட்டியிலிருந்து வளர்த்த செல்கள் அவை. அம்மா போன பிறகு இவளுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டியதும், காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் அக்காதான். மருந்தாகுமா என்று ஊற்றிய எத்தனையோ இலைச் சாறுகளையும் வேர்ச் சாறுகளையும் அந்தச் செல்கள் ஏப்பம் விட்டுவிட்டன. கடைசியில் ஒரு மரப்பட்டையிலிருந்து எடுத்த பழுப்பு நிறப் பிசின், நனைந்த விறகும் துருவும் கலந்தாற்போல் நாறுவது, அதில் ஒரு சொட்டு விட்டதும் செல்கள் குப்பியின் அடியை விட்டுச் சுருண்டு செத்து மிதந்தன. மைக்ரோஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்காமலே அவள் அழுதாள்.

பிறகு செய்யக்கூடாததைச் செய்தாள். மருத்துவர்கள் கையை விரித்த பிறகு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார அவளால் முடியவில்லை. ஒரு சிறு சீசாவில் பிசினை வீட்டுக்குக் கொண்டுபோய், ராத்திரி மாத்திரையோடு வெந்நீரில் கலந்து அக்காவுக்குக் கொடுத்துவந்தாள். என்னவென்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இன்னொரு தப்பும் இருந்தது. மருந்து நோய்ச் செல்லைக் கொல்வது பெரிதல்ல, நல்ல செல்லை விட்டுவைக்க வேண்டும். அதைச் சோதிக்க நல்ல செல்கள் வேண்டும் என்று எழுதிப் போட்டால், அவை வந்து சேர்வதற்குள் அக்கா இருக்கமாட்டாள். அதனால் அவள் தன் முழங்கையின் உள்பக்கத் தோலைச் சுரண்டி வளர்த்தாள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இது: உன் செல்லை நீயே வளர்க்காதே. ஊரான் செல் தவறி ஊசியில் ஏறினால் உடம்பு அடித்து விரட்டிவிடும். தன்னுடையது என்றால், வீட்டு ஆள்தானே என்று கதவைத் திறந்துவிடும். இவளே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பிசின் ஊற்றிய தன் குப்பியிலிருந்து ஊசியால் உறிஞ்சும்போது கை நழுவி ஆள்காட்டி விரலில் குத்தியபோதும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் மற்றதெல்லாம் வெளியே வரும். இப்போது விரல் நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு வீக்கம். வலி இல்லை.

அந்த அறைக்குப் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. கிருமி வரக்கூடாது என்று ஜன்னலே வைக்காத அறை. மேலே காற்றை வடிகட்டும் விசிறி ஓயாமல் முனகும், ஸ்பிரிட்டும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை மூக்கை விட்டுப் போகாது. வெளியே போக இரண்டு கதவுகள், நடுவே பெட்டி போல ஒரு சின்னத் தடுப்பறை. வெளிக்கதவு திறந்திருந்தால் உள்கதவு திறக்காது. உள்கதவு திறந்திருந்தால் வெளிக்கதவு திறக்காது. எதற்கும் அவசரப்படாத ஒரு சிவப்பு விளக்கு அதைப் பார்த்துக்கொண்டது.

கிருமி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். கிருமி என்றால் திரவம் கலங்கியிருக்க வேண்டும். இது தேன் போலத் தெளிவாக இருந்தது. குப்பியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட தரை. நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், ஒரே ஓரத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுவரை முட்டிக்கொண்டு, அத்தனையும் இருந்தன. உயிரோடு.

தட்டு சாய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, குப்பியைத் திருப்பி வைத்துவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டு வந்தாள். பார்த்தால் மறுபடி அதே பக்கம். குப்பியின் அதே பக்கம் அல்ல, அறையின் அதே பக்கம். அந்தச் சுவருக்கு அப்பால், ஊரின் மறுகோடியில், வீடு இருந்தது. வீட்டில் அக்கா இருந்தாள்.

தன் குப்பியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். அதில் செல்கள் மீன்கூட்டம் போல ஒழுங்காகப் பரவியிருக்க வேண்டும். அவையும் ஒதுங்கியிருந்தன, சுவர்ப் பக்கம் அல்ல, அவள் உட்கார்ந்திருந்த பக்கம். அவள் எழுந்து, மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். செல் நகர்வதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, படம் பிடித்து வேகமாக ஓட்டினால்தான் தெரியும். இவை கண்ணெதிரே ஊர்ந்தன. நாற்காலிப் பக்கத்தை விட்டுவிட்டு அவள் நிற்கும் பக்கத்துக்கு வந்தன. வந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன.

கைப்பேசி அடித்தது. துள்ளி விழுந்தாள்.

"என்னடி குட்டி, சாப்பிட்டியா?" அக்காதான். பின்னால் வண்டிகளின் சத்தம் கேட்டது.

"நீ எங்கக்கா இருக்க?"

"வெளியிலதான். வலியே இல்லடி, அதிசயமா இருக்கு. காலையில எந்திரிச்சேன், நடந்தேன். உடம்பெல்லாம் உன்கிட்ட போ, உன்கிட்ட போன்னு இழுக்குது. வீட்ல இருக்க முடியல. வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் சந்தோஷப்பட்டாள். படுக்கையிலிருந்து ஒண்டியாக எழுந்திருக்க முடியாத அக்கா. மருந்து பலித்துவிட்டது, தன் கையால் பலித்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு அக்காவின் குப்பியைப் பார்த்தாள்.

மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது, அடியில் வெள்ளையாக ஒரு படலம். சுவர்ப் பக்கம் இருந்தது மெல்ல மூலைக்கு வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது. ஒரு வண்டி சிக்னலில் நின்று, திருப்பத்தில் திரும்பி வருவதைப் போல. இப்போது அது கதவைப் பார்த்து நின்றது.

சுவரில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. வாசல் காவலாளி.

"அம்மா, உங்க அக்கா வந்திருக்காங்க. லீவு நாள்ல யாரையும் விடக்கூடாது, ஆனா நீங்க வரச் சொன்னதா சொன்னாங்க. கதவைத் திறந்து அனுப்பிட்டேன்."

"அண்ணே, கூட யாரு வந்தாங்க?"

"தனியாத்தாம்மா. முடியாதவங்கன்னு சொன்னீங்க, என்னைவிட வேகமா போறாங்க." திடீரென்று அவர் குரல் மாறியது. "அம்மா, அவங்க இன்னும் வாசலைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்காங்கம்மா."

"என்ன சொல்றீங்க? எங்க போறாங்க?"

ரிசீவர் ஏதோ மேஜையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

போய்விட வேண்டும். அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அக்காவை விட்டா ஓடுவது என்று மனசு கேட்டது, கால் அதற்குள் கதவுக்குப் போய்விட்டது. உள்கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வெளிக்கதவு திறந்திருக்கிறது.

மூடட்டும் என்று நின்றாள். அது தானாக மூடிக்கொள்ளும் கதவு, ஆள் உள்ளே வந்ததும் மூடிவிடும். விசிறி முனகியது. துருவும் நனைந்த விறகுமாக ஒரு வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. காலடிச் சத்தம் இல்லை. ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். நிற்காத சத்தம்.

மறுபடி அழுத்தினாள். சிவப்பு.

மறுபடி.

கதவின் சதுரக் கண்ணாடியில் அக்காவின் முகம் வந்தது. கன்னம் நிரம்பியிருந்தது. உதட்டில் நிறம் இருந்தது. நோய் வருவதற்கு முந்தைய முகம். ஒரு கையைக் கண்ணாடியில் பதித்தாள். அவளுக்குப் பின்னால் தடுப்பறை இருட்டாக இருந்தது.

"குட்டி," என்றாள் அக்கா. குரல் மெத்தென்று வந்தது. "நீதான்டி என்னைப் பொழைக்க வெச்ச. கதவைத் திற."

அவளுக்கு அழுகை முட்டியது. பயம். அன்பு. எது எதுவென்று தெரியவில்லை. மேஜையில் இரண்டு குப்பிகளிலும் வெள்ளைப் படலம் இந்தப் பக்கமே குவிந்திருந்தது. விரல் நுனியில் அந்தப் பட்டாணி முதல் தடவையாகத் துடித்தது.

"இது அப்படித் திறக்காதுக்கா. நீ வெளிக்கதவை மூடணும். அப்பதான் இது திறக்கும்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். உடம்பு திரும்பவில்லை. முகம் மட்டும். அகலத் திறந்து கிடந்த வெளிக்கதவையும், அதைத் தாண்டி நீண்டு கிடந்த நடைவழியையும் பார்த்தாள். அந்த ஈரச் சத்தம் இன்னும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிறகு அக்கா இவள் பக்கம் திரும்பிக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"எப்படிடி மூடுறது? நான் இன்னும் முழுசா உள்ள வரலையே."

சிவப்பு விளக்கு எரிந்தது. இவள் பின்னால் நகர்ந்தாள். கை நகரவில்லை. ஆள்காட்டி விரல் தானாக நீண்டு, கண்ணாடிக்கு அப்பால் இருந்த அக்காவின் உள்ளங்கைக்கு நேராகப் போய் ஒட்டிக்கொண்டது.